ராத்தா செய்த யன்னல்கள்

ராத்தாவுக்கு எல்லாவற்றுக்கும் பயம். கல்யாண வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே கதிரை போட்டிருந்தால் அதை ஒரு முழம் தள்ளி இழுத்துப் போட்டுத்தான் உட்காருவார். அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் பின்கதவுக்குப் பக்கத்து ஆசனம் காலியாகும்வரை நின்றுகொண்டே வருவார். யார் வீட்டில் பிள்ளைக்கு ஏணை கட்டினாலும் அந்தக் கயிற்றில் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்க்காமல் பிள்ளையைக் கிடத்த விடமாட்டார். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான்.

"இது எவடத்தால முதல்ல உடையும்?"

சாய்ந்தமருதில் எங்கள் வளவும் அவர்கள் வளவும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். சொந்தம் ஒன்றுமில்லை. ஆனாலும் நான் அவரை அக்கா முறைக்கு ராத்தா என்றும் அவருடைய புருஷனை மச்சான் என்றும்தான் கூப்பிட்டு வளர்ந்தேன். மச்சான் ஆழ்கடல் போட்டில் ஸ்கிப்பர். நான் அதே போட்டில் இன்ஜின் பார்ப்பவன். ராத்தா வீட்டில் தையல் வேலை. கடலுக்கு நானூறு அடி தூரத்தில் குடியிருந்தும் அவர் கடற்கரைக்குப் போய் நான் கண்டதில்லை.

சுனாமிக்குப் பிறகுதான் இப்படி ஆனார் என்று அயலில் சொல்வார்கள். எங்கள் ஊரில் எந்தக் கதையையும் கடைசியில் அங்கே கொண்டுபோய் விடுவது வழக்கம். அவருடைய சொந்தத் தங்கச்சி என்னிடம் சொன்னது வேறு. "அதெல்லாம் இல்ல தம்பி. ஓதப்பள்ளிக்குப் போற வயசிலயே அவ கூரைய அண்ணாந்து பார்த்திட்டுத்தான் உள்ள போவா."

யன்னல் கதை ஒரு பகல் சாப்பாட்டில் தொடங்கியது. மச்சான் சோற்றைப் பிசைந்தபடி, வாழைச்சேனைத் துறைமுகத்தில் கேள்விப்பட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு போட்டின் கெபின் கண்ணாடியை அலை உடைத்துவிட்டது, உள்ளே வந்த தண்ணீரில் ரேடியோவும் பெற்றரியும் செத்துப்போய், அவர்கள் இரண்டு நாள் திக்குத் தெரியாமல் அலைந்தார்கள் என்று. நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். ராத்தா கறிச்சட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"உங்கட போட்டில என்ன கண்ணாடி?"

"கண்ணாடிதான். யன்னலுக்குப் போடுற கண்ணாடி."

"வீட்டு யன்னலுக்குப் போடுறதா?"

மச்சான் சிரித்தார். "பின்ன கப்பலுக்குப் போடுறதா போடுவாங்க?"

அன்று பின்னேரம் ராத்தா வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார். கையில் தையல் நாடா. "தம்பி, அந்தக் கெபின் யன்னல் அஞ்சையும் அளந்து தா. அவருக்கிட்டச் சொல்லாத." நாடாவை வாங்கும்போது அவருடைய விரல்கள் நடுங்கியதைப் பார்த்தேன். அந்த நடுக்கத்துக்காகத்தான் ஒத்துக்கொண்டேன். சட்டைப் பெட்டி மட்டைகளையும் தந்துவிட்டார். முன்னால் மூன்று, பக்கத்துக்கு ஒன்று. ஐந்து யன்னலுக்கும் மட்டையை வைத்து அச்சு எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

கண்ணாடிபோல் தெரியும், ஆனால் உடையாது என்று ஒரு தடித்த பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. பொலிகாபனேட் என்பார்கள். அதை அக்கரைப்பற்றில் ஒரு கடையில் தேடிப் பிடித்து, பஸ்ஸில் ஏற்ற முடியாமல் ஆட்டோவில் கொண்டுவந்தார். சட்டைத் துணி வெட்டுவதுபோலவே அதன்மேல் அச்சை வைத்துக் கோடு கிழித்தார். யன்னலைவிட நான்கு விரல் பெரிதாக. மூலைகளை வட்டமாக. "கூர் மூலையிலதான் தம்பி எதுவும் கிழியத் தொடங்கும். துணியும் அப்பிடித்தான்." நான் துளை போட்டுக் கொடுத்தேன். போல்ட் ஆணிக்குச் சரியான அளவில் போட்ட முதல் தகடு, வெயிலில் கிடந்து விரிந்து, துளையைச் சுற்றி மயிர்போலக் கீறல் விட்டுவிட்டது. அதைக் கண்டு இரண்டு நாள் ராத்தா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு துளைகளைப் பெருப்பித்து, பழைய லொறி டியூப்பை வெட்டி இடையில் ரப்பர் கொடுத்தோம்.

ஒன்று முடிந்ததும் மரச்சட்டமொன்றில் அதைப் பூட்டி, மாமரத்தடியில் நிமிர்த்திக் கட்டச் சொன்னார். ஈர மணல் நிரப்பிய உரப்பையை மரக்கொப்பில் கயிறு போட்டுத் தொங்கவிடச் சொன்னார். நான் இழுத்துவிட்டால் அது ஊஞ்சல்போலப் போய்த் தகட்டில் மோதும். சரி, நல்ல யோசனைதான் என்று நினைத்தேன். அதற்குள் அவர் முக்காட்டை இறுக்கிக்கொண்டு தகட்டுக்குப் பின்னால் போய் நின்றார்.

"ராத்தா, அங்கால போங்க."

"இல்ல. நான் இஞ்சதான் நிப்பன். நீ விடு."

"பட்டா மவுத்தாப் போயிருவீங்க."

"அப்ப அங்க நிக்கிற உனக்கும் அவருக்கும்?"

அவருடைய முகம் வெளுத்து, உதடுகள் கலிமாச் சொல்லிக்கொண்டிருந்தன. நான் பையைப் பாதித் தூரம் மட்டும் இழுத்து விட்டேன். தகடு உடையவில்லை. ஆனால் ஆணிகளோடு பிடுங்கிக்கொண்டு போய் அவர் தோளில் அடித்தது. ராத்தா மல்லாந்து விழுந்தார். நான் கத்திக்கொண்டு ஓடினேன். அவர் எழுந்து உட்கார்ந்து, தோளைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வடிய வடியச் சட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம உள்பக்கத்தால பூட்டிட்டம் தம்பி. வெளியால போட்டா கடல் அத சுவரோட வச்சு அமத்தும். உள்ளால போட்டா கடல் தள்ளி விழுத்தும்."

மறுநாள் தோளில் நீலம் பாரித்திருக்க, அதே இடத்தில் மறுபடி நின்றார். இந்த முறை தகடு வெளிப்பக்கம். முழுத் தூரமும் இழுத்துவிடச் சொன்னார். பை மோதியது. தகடு ஒருமுறை வளைந்து நிமிர்ந்தது. ராத்தா கண்ணைத் திறக்கவேயில்லை. "உடஞ்சிதா? உடஞ்சிதா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

மச்சான் அவற்றைப் போட விடவில்லை. ஒரு ஜும்ஆ நேரம், அவர் பள்ளிக்குப் போயிருந்தபோது, நான் கெபின் சுவரைச் சுற்றி போல்ட் ஆணிகளைப் பூட்டிவிட்டேன். கண்டதும் ஏசினார். "பொம்புளைட பயத்தப் போட்டில ஏத்தச் சொல்றியா? வாழைச்சேனையில நாலு பேர் பார்த்தாச் சிரிப்பானுகள். கடலும் மங்கலாத் தெரியும்." சுவரில் ஆணிகள் மட்டும் மிஞ்ச, ஐந்து தகடுகளும் படுக்கும் பலகைக்குக் கீழே போயின. அங்கேயே பல பயணம் கிடந்தன.

அந்த வருஷம் மாரி தொடங்குகிற நேரம். வலை இழுத்துக்கொண்டிருந்தபோதே ரேடியோவில் கரைக்குத் திரும்பச் சொன்னார்கள். திரும்பினோம். மறுநாள் பகல், லுஹர் தொழுகை நேரம், வாடைக்காற்று நேர் எதிரே நின்றது. நான் இருபது வருஷம் கடலில் இருந்தவன். அன்று கண்டது கடல் மாதிரியே இல்லை. கறுப்பு மேடுகள் ஒன்றின் பின் ஒன்றாக எழும்பி வந்தன. தகடுகளைப் போடுவோமா என்று மச்சானிடம் கேட்டேன். "சும்மா இரி" என்றார். இரண்டாம் தரம் கேட்க வாயெடுத்தபோது நடுக்கண்ணாடி போய்விட்டது.

உடைந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர்தான் வந்தது. அது வடிந்தபோது மச்சான் சுக்கானைக் கட்டிப்பிடித்தபடி முழங்காலில் நின்றார். முகத்தின் இடது பக்கம் முழுக்க இரத்தம். அவர் கத்தினார்: "அவட அதக் கொண்டா! அவட அதக் கொண்டாடா!"

ஒருவன் சுக்கானைப் பிடித்தான். நான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, தகட்டோடு வெளியே போனேன். வெளியால்தான் பூட்ட வேண்டும். காற்று தகட்டைப் பிடுங்கியது. நான் அதைக் கெபின் சுவரோடு சேர்த்து என் நெஞ்சால் அமத்திக்கொண்டு நட்டுகளைத் திருகினேன். கையால் திருகுகிற, காது வைத்த நட்டுகள். விரல் விறைத்துப்போய் ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அலை வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். என் உம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள், எனக்கு நினைவில்லை. நடுவில் ஒன்று, பக்கத்தில் இரண்டு, அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மூன்றாவது முடியும்போது வந்த அலை என்னைக் கெபினோடு சேர்த்து அறைந்தது. முகத்துக்கு நேரே தகடு வளைந்து உள்ளே போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் மச்சானின் ஒற்றைக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வாழைச்சேனைக்குள் வந்து சேர்ந்தோம். ஆறு பேரும் உயிரோடு. மச்சானின் இடது கண் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ராத்தா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுவார், அல்லது மச்சானைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து, கிழிந்திருந்த விரல் நுனிகளைப் பார்த்தார்.

"எத்தின நட்டு விழுந்த?"

"ஏழோ எட்டோ, ராத்தா."

"ஒரு தகட்டுக்கு எவ்வளவு நேரம் போன?"

"தெரியா. கன நேரம்."

"நட்டு விழும் எண்டு நான் யோசிக்கல்ல" என்றார். "நீ ரெண்டு கையாலயும் தகட்டப் புடிச்சா, நட்டுத் திருக வேற கை எங்க? நான் அத யோசிக்கல்ல தம்பி. நீ கடலுக்குள்ள போயிருப்பாய்." கண்ணைப் பற்றி அன்று அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

அடுத்த மாதமே ஒவ்வொரு நட்டையும் நைலோன் நூலில் கோர்த்துத் தகட்டோடு கட்டிவிட்டார். மேலே கொளுவி விட்டால் தானாகத் தொங்குகிற மாதிரி இரண்டு கொக்கி வைத்தார். மச்சான் ஒற்றைக் கண்ணோடு அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை, ஆனால் அந்தப் போட் கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஐந்து தகடும் பூட்டியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

கதை பரவியது. ஆம்பிளைகள் நேரே வரமாட்டார்கள். பெண்சாதிமாரை அனுப்புவார்கள். "ராத்தா, சட்டை தைக்க வந்த" என்று தொடங்கி, கடைசியில் முந்தானைக்குள்ளிருந்து யன்னல் அச்சு மட்டையை எடுப்பார்கள். மருதமுனைப் பிள்ளை ஒருத்தியும் அப்படித்தான் வந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம், வயிற்றில் பிள்ளை. புருஷன் அடுத்த வியாழன் கடலுக்குப் போகிறான், அதற்குள் வேண்டும் என்றாள். ராத்தா ஐந்தையும் வெட்டிக் கொடுத்தார்.

அந்தப் போட் திரும்பி வரவில்லை.

வரவேண்டிய நாளுக்குப் பிறகு நான்கு நாள் போனது. ரேடியோவுக்குப் பதில் இல்லை. அதற்கிடையில் கடலில் காற்றும் மழையுமாக ஒரு தாழமுக்கம் உருவாகிக் கலைந்திருந்தது. ஐந்தாம் நாள் அஸர் தொழுகைக்குப் பின் அந்தப் பிள்ளை ராத்தா வீட்டுக் கடப்படியில், வேலி வாசலில், வந்து நின்றாள். நான் மச்சானோடு முற்றத்தில் இருந்தேன்.

"ராத்தா, உங்கட யன்னல் தாங்கும்தானே?"

ராத்தா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார். "ஓம் மகள். தாங்கும்."

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். எதைப் பற்றியும் அவர் வாயால் அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாளும் அதே நேரம் வந்தாள். அதே கேள்வி, அதே பதில். அதற்கு அடுத்த நாளும். அவள் வரும் நேரம் நெருங்க நெருங்க ராத்தாவின் மெஷின் சத்தம் நின்றுவிடும். அவள் போன பிறகு கிணற்றடிக்குப் போய் ஓங்காளித்து வாந்தி எடுப்பார்.

ஒருநாள் என்னை அங்கே கூப்பிட்டார். வெட்டி மிச்சமான ஒரு தகட்டுத் துண்டு கையில் இருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒரு ஓரத்தில் பால் சிந்தியதுபோல் மெல்லிய வெள்ளை.

"இது எங்கட வழக்கமான கடைத் தகடு இல்ல. வேற எடத்தில அவசரத்துக்கு வாங்கின. இந்த வெள்ளைய நான் கண்டன் தம்பி. கண்டுபோட்டுத்தான் வெட்டின. வியாழக்கிழமைக்கு வேணும் எண்டாளே."

"இது பழுது எண்டு எப்பிடித் தெரியும்?"

"பழுதில்ல எண்டும் தெரியாதே."

"அடிச்சுப் பார்த்தீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். "இல்ல. நேரமில்ல எண்டு பார்க்கல்ல." பிறகு என் கண்ணைப் பார்த்தார். "அவளுக்குச் சொல்லோணும்."

நான் வேண்டாம் என்றேன். மச்சானும் வேண்டாம் என்றார். வயிற்றுப் பிள்ளைக்காரி, சொல்லி ஆகப்போவது என்ன என்று கேட்டோம். ஆனால் அன்று பின்னேரம் அந்தப் பிள்ளை கடப்படியில் நின்று கேட்டபோது, ராத்தா அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, துண்டைக் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளையைப் பார்த்ததை, பார்த்தும் வெட்டியதை, அடித்துப் பார்க்காமல் கொடுத்ததை. சொல்லும்போது நின்றுகொண்டே சொன்னார். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்பதுபோல இருந்தது எனக்கு. அந்தப் பிள்ளை துண்டைப் பார்த்தாள். விரலால் தடவினாள். மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் அவள் வரவில்லை. ராத்தா மஃரிப் வரைக்கும் கடப்படியைப் பார்த்தபடி நின்றார்.

அதற்கு மறுநாள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, முந்தாநாள் எதுவுமே நடக்காதது மாதிரிக் கேட்டாள்.

"ராத்தா, உங்கட யன்னல் தாங்கும்தானே?"

ராத்தா என்னைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் கண்ட அளவு பயத்தை நான் கெபினுக்கு வெளியே நின்ற அன்றுகூட உணரவில்லை.

"ஓம் மகள்" என்றார். "தாங்கும்."

அப்படியே இன்னும் பத்து நாள். ஒவ்வொரு நாளும் அவள் கேட்டாள், ராத்தா சொன்னார். பள்ளியில் துஆ கேட்டார்கள். பிறகு துஆவில் அந்தப் போட்டின் பெயரைச் சொல்லும் குரல்களும் மெலிந்துவிட்டன. நானும் மனதுக்குள் அவர்களை விட்டுவிட்டேன். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பிள்ளை வெறுங்காலோடு ஓடிவந்தாள். கையில் போன். தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு. அவளால் பேச முடியவில்லை, போனை ராத்தாவின் காதில் வைத்தாள். அவளுடைய புருஷனின் குரல். இன்ஜின் செத்து, நீரோட்டத்தில் கிழக்கே இழுபட்டுப் போன அவர்களை ஒரு சரக்குக் கப்பல் கண்டு ஏற்றியிருக்கிறது. எல்லாரும் உயிரோடு, ஹயாத்தோடு இருக்கிறார்கள். ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரு தரம் சொன்னார். அப்படியே சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் ஊருக்கு வந்ததும் பெண்சாதியோடு ராத்தா வீட்டுக்கு வந்தான். கறுத்து மெலிந்திருந்தான். நன்றி சொல்ல வந்தவன், உட்காராமலே சொன்னான்.

"ராத்தா, உங்கட யன்னல்தான் எங்களக் காப்பாத்தின."

ராத்தாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "தாங்கினதா? அலைக்குத் தாங்கினதா?"

"அலைக்கு இல்ல ராத்தா. குடிதண்ணி முடிஞ்சிட்டு. நாங்க அஞ்சையும் கழட்டிச் சரிச்சு வச்சு, மழைத்தண்ணிய அதால வடியவிட்டுக் கேனுக்குப் புடிச்சம். அது இல்லாட்டி நாங்க மவுத்து."

நானும் மச்சானும் "சுபஹானல்லாஹ்" என்றோம். ராத்தாவின் கை மேசை விளிம்பைத் தேடிப் பிடித்தது.

"கழட்டினீங்களா?"

"ஓம்."

"எத்தின நாள்?"

"கப்பல் வரும்வரைக்கும். ஒரு பதினாறு நாள்."

"பதினாறு நாள் வெறுங்கண்ணாடியோடயா நிண்டீங்க? நடுக்கடல்ல? மாரியில?" ராத்தா கத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று மட்டும்தான். "ஒரு அலை அடிச்சிருந்தா? ஒரேயொரு அலை! ஆம்பிளைகளுக்கு என்ன புத்தி! இந்தப் பிள்ளை ஒவ்வொரு நாளும் வந்து என்னக் கேட்டது, நான் தாங்கும் தாங்கும் எண்டு சொல்லிக்கொண்டு நிக்கன், அது அங்க யன்னல்ல இல்லவே இல்ல!"

அந்தப் பிள்ளைக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு அந்த அழுகைக்குள்ளிருந்தே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சானும் சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. அவர் ஏற்கனவே அறை மூலையில் சாய்த்து வைத்திருந்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"தண்ணி புடிக்க வேற ஒண்டு வெட்டித் தாறன்" என்றார், அவனைத் திரும்பிப் பாராமலே. "ஆறாவது. ஓரத்த மடக்கி, வாய் வச்சுத் தாறன். அந்த அஞ்சையும் கடல்ல நிக்கும்வரைக்கும் தொடக்கூடாது. அல்லாஹ்வுக்காகத் தொடாதீங்க."

ஒரு தகட்டைத் தெரிந்தெடுத்து மேசையில் கிடத்தினார். கோடு கிழிக்கக் குனிந்தார். கை நடுங்கியதில் கோடு நேராக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி கிழித்தார், மறுபடியும் வளைந்தது. அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்று, ராத்தாவின் மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டாள்.